முகாமா, கிளினிக்கா என்று கேட்ட திருவட்டாறு தம்பிக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சர்ச், கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், மூன்று மகளிர் குழு, கல்ஃபில் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு எல்லாம் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். அதில் வருடத்துக்கு இரண்டு மருத்துவ முகாம் நடத்துவதா, சின்னதாக ஒரு கிளினிக் கட்டுவதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "போன வருடம் முகாம் போட்டோம், நல்ல கூட்டம், அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை" என்று, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியால் செய்ய முடியாத எதை ஊர் செய்ய முடியும், அது எப்படி நிலைக்கும்? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றேன். மொத்தம் 33 வருடம். முன்பாதி மலையோரத்தில் ரப்பர் விளைகளுக்கு (தோட்டங்களுக்கு) நடுவே, பின்பாதி முஞ்சிறை வட்டாரக் கடற்கரையில். யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் என் வேலை இல்லை, அதை என்னிடம் கேட்காதீர்கள். எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார் என்பதைக் கேட்டால் சொல்வேன்.

முகாமில் தொடங்குகிறேன். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் முகாமுக்கு வருகிறவர்களில் கணிசமான பேர் ஏற்கெனவே தங்களுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஐந்து நாள் மாத்திரையும் "உப்பைக் குறைங்க" என்ற ஒரு வரியும். ஒரு முகாமில் நானே சீட்டு எழுதிக் கொடுத்த ஒரு பாட்டியை ஆறு மாதம் கழித்து வீட்டில் போய்ப் பார்த்தேன். வெற்றிலைப் பெட்டிக்குள் அந்தச் சீட்டையும் காலியான மாத்திரை அட்டையையும் நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். "டாக்டர் அடுத்த முகாமுக்கு வருவாருல்லா, அப்ப வாங்கலாம்னு இருந்தேன் மக்ளே" என்றார். பிரஷர் பார்த்தேன். முகாம் நாளில் இருந்ததைவிடக் கூடுதல். பாட்டி மேல் குற்றமில்லை. மருந்து என்பது டாக்டர் ஊருக்கு வரும்போது கிடைக்கும் பொருள் என்று நாங்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

ஆனால் எல்லா முகாமையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கண்புரை முகாம் உருப்படியானது. ஒரே அறுவைச் சிகிச்சையில் காரியம் முடிந்துவிடுகிற நோய் அது. முகாமில் கண்டுபிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்தது இந்த வழியில்தான். சர்க்கரையும் பிரஷரும் முடிவதில்லை, வாழ்நாள் முழுக்க மாதாமாதம் தொடர வேண்டும். ஒரு நாள் கூத்து அதற்கு உதவாது. ஆகவே முகாம் வேண்டும் என்றே ஊர் நினைத்தால் கண்ணுக்கு வையுங்கள்.

கிளினிக் கட்டடம் வேண்டாம் என்பேன், யோசிக்காமலே. 3 லட்சத்தில் சுவர் எழும்பும், டாக்டர் எழும்பி வரமாட்டார். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மேல் ஒரு மோகம் உண்டு, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. நெய்யூரில் 1838-லேயே லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே வைத்தியம் தொடங்கிவிட்டார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அதன் பிறகு நெய்யூருக்கு வந்து, வசதியான லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே பல வருடம் அறுவை செய்துகொண்டிருந்தார். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடல்நலம் என்றால் கட்டடம் என்றே தோன்றும். ஆனால் இதே மண்ணில் இன்னொரு பழக்கமும் இருந்தது. அய்யா வைகுண்டர் காலத்தில் துவையல் தவசு என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடலோரத்தில் ஒன்றாகத் தங்கி, தினமும் குளித்து, துணி துவைத்து, அரிசியும் சிறுபயறும் பொங்கிச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். அதற்கு ஆன்மிகக் காரணம் இருந்தது, நான் அதற்குள் போகவில்லை. ஒரு சுகாதார ஊழியரின் கண்ணுக்கு அது, கூட்டமாகச் சேர்ந்து ஒரு பழக்கத்தை மாற்றிய காரியம். கட்டடம் இல்லாமலே.

சரி, ஊரும் அரசும் கைகோத்தால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது எது? பிரஷரைச் சொல்லலாம். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் இரண்டு வருடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. அங்கே ஏற்கெனவே இருந்த அரசு சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, பேசி, கட்டுக்குள் இல்லாதவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த ஊர்களில் மற்ற ஊர்களைவிட மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. 5 என்பது ஒரு ஆளுக்குச் சின்னதாகத் தெரியும். ஊர் முழுக்கக் குறைந்தால் எத்தனையோ பக்கவாதம் தள்ளிப்போகும். நம் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதும் ஏறக்குறைய இதே எண்ணத்தில்தான். மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிறார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். 3 லட்சம் திரட்டிய கமிட்டியில் அவர் பெயரைக் காணோம். முதல் குறை அது.

கடற்கரையில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடல் தொழிலாளிகள். விசைப்படகில் போனால் திரும்ப ஒரு மாதமும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். நாங்கள் கொடுத்த மாத்திரை 30 நாளைக்கு. அவர்கள் கரையில் இருக்கும் நாலு நாளில் எங்கள் சர்க்கரை-பிரஷர் நாள் வராது. "நடுவுல தீந்துபோச்சு, அதுக்கப்புறம் போடல" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சொற்பொழிவு எவ்வளவு செய்தும் பலனில்லை. கடைசியில் வழி காட்டியது ஒரு மீனவரின் மனைவி. "எந்தப் படகு என்னைக்கு போகுதுன்னு எங்களுக்குத்தான சிஸ்டர் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. பங்குத்தந்தையிடம் பேசினோம். கடற்கரைப் பங்குகளில் அன்பியம் என்று ஒவ்வொரு முப்பது, நாற்பது குடும்பத்துக்கும் ஒரு குழு இருக்கும். ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு பெண் படகு கிளம்பும் தேதியை முன்கூட்டியே சொல்வது என்று ஏற்பாடு. பிரஷர் நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சம்மதித்தார். மனைவி வந்து வாங்கிப் போகலாம், ஆனால் கணவர் கரை திரும்பியதும் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். செலவு ஒரு ரூபாய் இல்லை. தேதி ஊரிடம், மருந்து அரசிடம். இரண்டும் சந்திக்க ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். நடுக்கடலில் மாத்திரை போட்டால் தலை சுற்றும் என்று டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

பேறுகாலத்திலும் பச்சிளம் குழந்தை விஷயத்திலும் பெண்கள் கூடிப் பேசும் குழுக்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களில் மாதம் ஒரு முறை பெண்கள் கூடி, தங்கள் ஊரில் குழந்தை ஏன் சாகிறது என்று தாங்களே ஆராய்ந்து, தாங்களே வழி தேடினார்கள். மூன்று வருடத்தில் பச்சிளம் குழந்தை மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அதை அப்படியே இங்கே நட முடியுமா என்பது சந்தேகம். அங்கே பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். நம் மாவட்டத்தில் வீட்டில் பிரசவம் என்பதை நான் வேலை பார்த்த கடைசிப் பத்து வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நமக்கு இப்போது பிரச்சினை வேறு: முதியவர்கள், சர்க்கரை, பிரஷர், பக்கவாதம், பிள்ளைகள் வெளிநாட்டில். கூடிப் பேசும் முறையை எடுத்துக்கொள்ளலாம், பேசும் பொருளை மாற்ற வேண்டும்.

இன்னொரு சந்தேகத்தையும் மறைக்கக் கூடாது. பல துறைகள் சேர்ந்து கமிட்டி போட்டால் மக்கள் ஆரோக்கியம் கூடும் என்று எல்லோரும் நம்புகிறோம். 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, உள்ளாட்சியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து செயல்பட்டது பற்றிய 16 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. சேர்ந்து செய்ததாலேயே ஆரோக்கியம் மேம்பட்டது என்று நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான் முடிவு. படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஆச்சரியமாக இல்லை. நான் உட்கார்ந்த கமிட்டிக் கூட்டங்களில் தீர்மான நோட்டு, டீ, வடை, கையெழுத்து எல்லாம் சரியாக நடந்தன. கூட்டம் முடிந்து எழும்போது யார் கையிலும் வேலை இல்லை.

கையில் வேலை இருந்த ஒரு கூட்டு உங்கள் பக்கத்திலேயே பார்த்தேன், ரப்பர் விளையில். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுவிடும். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) மழைநீர் தேங்கும். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கை நீர் போதும், முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஒரு வாரம், பத்து நாள். ஒரு ஏக்கரில் நூற்றுக்கணக்கான சிரட்டை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2007-ல் கேரளத்தின் ரப்பர் பகுதிகளில் சிக்குன்குனியா அந்த ஆட்டம் ஆடியதற்கு இது முக்கியக் காரணம். நாங்கள் முதலில் விளை உடமஸ்தர்களைக் கூட்டிப் பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிப் பேர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் குடியிருக்கிறவர்கள், விளையை மாதம் ஒருமுறை பார்த்தால் அதிகம். சுகாதார ஆய்வாளர் ஒருவர்தான் நேராகப் பால்வெட்டுகாரர்களிடம் போய் உட்கார்ந்தார். அவர்கள் சொன்ன பதில் நியாயமானது: "வெட்டு இல்லாத நாளைக்கு கூலி இல்ல சார், கூலி இல்லாத நாளைக்கு நாங்க எதுக்கு விளைக்குள்ள போகணும்?" அப்புறம் பேசித் தீர்ந்தது இப்படி. மழைக்கு முன் கடைசி வெட்டு முடிந்து பால் எடுத்த கையோடு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது. தனியாக ஒரு நாள் போக வேண்டியதில்லை. விட்டுப்போன விளைகளுக்கு அரைநாள் கூலியை உடமஸ்தர் கொடுப்பது, கொடுக்காதவர் பெயரை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பது. பெயர் வாசிப்பது என்றதும் கூலி வந்துவிட்டது! உங்கள் கமிட்டியில் சர்ச் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பால்வெட்டுகாரர் ஒருவராவது இருக்கிறாரா?

பணத்தை எதில் போடலாம் என்றால், படுக்கையில் கிடப்பவர்களுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கோழிக்கோட்டில் 1993-ல் வலி தணிப்பு, ஆதரவு சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கியது. பின்னர் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே சின்னச் சின்னத் தொகை போட்டு, தன்னார்வலர்களைப் பழக்கி, வீட்டுக்கு வீடு நர்ஸை அழைத்துப் போகும் வலையாக அது விரிந்தது. 2008-ல் கேரள அரசே அதற்குக் கொள்கை வகுத்தது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் நடப்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இங்கே மக்களைத் தேடி மருத்துவத்திலும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் இயன்முறை மருத்துவரும் உண்டு, ஆனால் ஒரு வட்டாரம் முழுக்க அவர்கள் ஓட வேண்டும். இரண்டு வருகைக்கு நடுவே உள்ள நாட்கள் ஊருடையவை. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் இரண்டு, காற்று மெத்தை நாலு, சக்கர நாற்காலி இரண்டு, இவற்றை இரவல் கொடுத்து வாங்க ஒரு இடமும் பொறுப்பான ஒரு ஆளும். ஒருவர் தேவைக்கு வாங்கிய கட்டில் அவர் போனதும் மாட்டுக் கொட்டகையில் துருப்பிடிப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூடவே பத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும், படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, முதுகிலும் குதிகாலிலும் சிவப்பு தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அந்த நர்ஸைக் கொண்டே கற்றுக்கொடுங்கள். படுக்கைப் புண் வந்தபின் ஆற்றுவது மாதக்கணக்கு. வராமல் தடுப்பது இரண்டு கை. ஆண்களையும் சொல்வதற்குக் காரணம், கனமான ஒரு ஆளைத் திருப்ப அவருடைய எழுபது வயது மனைவியால் முடியாது.

காசநோய்க்கு உணவு கொடுப்பதும் வீண் போகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. காசநோயாளிகளுக்கு உதவ மத்திய அரசு நடத்தும் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் சங்கங்கள் ஒரு நோயாளியைக் குறைந்தது 6 மாதம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பெயர் ஊருக்குத் தெரியக் கூடாது. பையைக் கொடுத்து ஃபோட்டோ எடுத்து குழுவில் போடுவது என்றால் தயவுசெய்து இதைத் தொடவே தொடாதீர்கள். அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பணத்தைக் கொடுங்கள், பை வீட்டுக்குப் போவதை நோயாளி சம்மதித்த வழியில் காசநோய்ப் பணியாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் இரண்டு உள்ளூர் விஷயம். உங்கள் ஊர் கிராம ஊராட்சியா, பேரூராட்சியா என்று முதலில் பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தில் ஐந்தில் நாலு பேர் நகர்ப்புறவாசிகள். வாழைத்தோப்பும் மரச்சீனி விளையுமாக இருக்கும் ஊர்கூட காகிதத்தில் பேரூராட்சி. பேரூராட்சி என்றால் நூறு நாள் வேலை ஆட்களைக் கேட்க முடியாது, கிராம சபையும் கிடையாது. அங்கே வார்டுக்கான பகுதி சபையில் போய்த்தான் பேச வேண்டும். கிராம ஊராட்சி என்றால் கிராம சுகாதாரக் குழு ஒன்று பெயரளவிலாவது இருக்கும், புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அதை எழுப்புவது சுலபம். இரண்டாவது, கூட்டம் நடக்கும் இடம். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சர்ச் ஹாலில் கூட்டினால் சிலர் வரமாட்டார்கள், கோயில் மண்டபத்தில் கூட்டினால் வேறு சிலர். சொல்லவும் மாட்டார்கள், வேலை இருக்கிறது என்பார்கள். பள்ளிக்கூடம், வாசகசாலை, பால் சொசைட்டித் திண்ணை எதுவானாலும் சரி. சிரட்டை கவிழ்க்கும் பேச்சு எங்கள் ஊரில் ஒரு சாயக்கடையில்தான் முடிந்தது.

ஆக, மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள்: பிரஷர் மாத்திரை விட்டுப்போகாமல் பார்ப்பது, மழைக்கு முன் சிரட்டை, படுக்கையில் இருப்பவர்கள். ஒரு வருடம் அதையே செய்யுங்கள். நீங்கள் இருக்கும் பகுதிக்கு என் ஓட்டு கடைசி இரண்டில் ஒன்றுக்கு. கடையால், பேச்சிப்பாறைப் பக்கம் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள், அங்கே தூரமும் வழியும் வேறு, அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு உங்கள் துணை சுகாதார நிலைய நர்ஸைக் கண்டிப்பாக அழைப்பீர்கள், தெரியும். செவ்வாய், புதன் வைக்காதீர்கள். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி. வியாழன் மூன்று மணிக்கு மேல் என்றால் வருவார். அழைப்பிதழில் அவர் பெயரைச் சிறப்பு விருந்தினர் வரிசையில் போட வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கொடுங்கள், மாத்திரையை விட்டவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பெயர் சொல்லமாட்டார், எண்ணிக்கையும் வார்டும் சொல்வார்.